கடைசி வீட்டுக்குத் தூக்கம் பாய்ச்சிய கதை

கோணமடை ஊர்க்காரர்களிடம் எதையும் இரண்டாவது தடவை சொல்ல வேண்டியதில்லை. ஒரு தடவை சொன்னால் போதும், சொன்னது சொன்னபடி செய்துவிடுவார்கள். வம்பே அதில்தான். ஒருநாள் பஸ் கண்டக்டர் ஒருவர் இறங்கி, "கொஞ்சம் இருங்க, டீ குடிச்சிட்டு வாரேன்" என்றார். அவர் டீ குடித்தார், பின்பக்கமாக ஏறினார், பஸ்ஸும் போய்விட்டது. கோணமடைக்காரர்கள் மட்டும் பொழுது சாயும்வரை நிழற்குடையில் இருந்தார்கள். "டீ ரொம்பச் சூடு போல, பாவம்" என்று சொல்லிக்கொண்டே நடந்து வீடு வந்து சேர்ந்தார்கள்.

அந்த ஊரில் ஒரு தெரு. மேற்கே மேட்டில் ஆரம்பித்து கிழக்கே பள்ளத்தில் முடியும். முடிகிற இடத்தில் கடைசி வீடு பலவேசத்தின் வீடு. அதற்கப்புறம் மெயின் ரோடு, ரோட்டைத் தாண்டினால் குற்றாலலிங்கம் முதலாளியின் வாழைத்தார் மண்டி.

பலவேசத்தின் பெண்சாதி முப்பிடாதி, கைப்பிள்ளைக்காரி. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுவாள். பலவேசத்துக்குக் கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர். அண்ணன் பூலுடையார் ஊர்க் குளத்துக்கு நீர்ப்பாய்ச்சி. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் முறை என்று பார்த்து மடையைத் திறந்து அடைக்கிறவர். தம்பி மாகாளிக்கு இன்ன வேலை என்று கிடையாது. யார் வேலை செய்தாலும் பக்கத்தில் நின்று தலையாட்டுவான்.

அந்த வருஷம் காற்றில் பலவேசத்தின் வாழை மொத்தமும் சாய்ந்துவிட்டது. பலவேசம் மண்டியில் ராக்காவலுக்குச் சேர்ந்தான். வேலை ஒன்றும் கஷ்டமில்லை. ராத்திரி முழிக்க வேண்டும், பகலில் தூங்க வேண்டும். ஆனால் பலவேசத்துக்குப் பகலில் பொட்டுத் தூக்கம் வரவில்லை. வராத தூக்கமெல்லாம் சேர்த்துவைத்து ராத்திரி மண்டியில் வந்தது.

முதலாளி ஒருநாள் பார்த்துவிட்டார். "பலவேசம், நீ தூங்குததுக்கு நான் எதுக்குச் சம்பளம் தரணும்? இன்னொரு தடவை கண்ணு மூடி இருந்துச்சு, வேற ஆளப் பாத்துக்கிடுவேன்" என்றார்.

இது முப்பிடாதி காதுக்கும் வந்தது. அந்தச் சம்பளத்தை நம்பித்தான் பிள்ளைக்குக் காதுகுத்து வைத்திருந்தாள். தாய்மாமனுக்கும் சொல்லியாகிவிட்டது. தாய்மாமன் கிடாய்க்குச் சொல்லிவிட்டான். வேலை போனால் கிடாயிடம் என்ன சொல்வது?

மாகாளியைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்காரர் எதிரே இரண்டு பேரும் நின்றார்கள். அவள் மாகாளியின் காதில் சொன்னாள். மாகாளி கடைக்காரரிடம் சொன்னான்.

"மைனி சொல்லுதாக, அண்ணனுக்குப் பகல்ல தூக்கம் வரல்லியாம்."

"எத்தன நாளா?" என்றார் கடைக்காரர், முப்பிடாதியைப் பார்த்து.

முப்பிடாதி மாகாளியின் காதில் சொன்னாள். "வேலைக்குச் சேந்ததுலேருந்துன்னு சொல்லுதாக" என்றான் மாகாளி.

"தூக்க மாத்திரையெல்லாம் டாக்டர் சீட்டு இல்லாம தர முடியாதும்மா. அமுக்கரா மாத்திரை தாரேன், நாட்டு மருந்துதான், ஒண்ணும் செய்யாது. தூங்குறதுக்கு அரை மணிக்கு முன்னாடி பால்ல கொடு. ரூமை நல்லா இருட்டாக்கு. தலையணையில மருதோன்றிப் பூவ வச்சுத் தை. உள்ளங்கால்ல நல்லெண்ணெய் தடவிவிடு. செல்போனப் பக்கத்துல வச்சு நோண்டக் கூடாது. முக்கியமா, படுத்த பிறகு எதையும் யோசிக்கக் கூடாது. கைப்பிள்ள எப்படித் தூங்குது? அப்படித் தூங்கணும்."

இருவரும் வழியெல்லாம் அதையே ஒப்பித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு சொல்கூடக் கீழே சிந்தவில்லை.

முதலில் இருட்டு. பூலுடையார் ஜன்னலுக்குச் சாக்கு கட்டினார். ஓட்டு இடுக்கையெல்லாம் களிமண்ணால் அடைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு மாகாளியை உள்ளே அனுப்பினார்.

"இருட்டா இருக்கால?"

"பொறுங்கண்ணே, பாக்கேன்" என்று மாகாளி டார்ச்சை அடித்தான். "இல்லண்ணே, பகல் மாதிரி இருக்கு. உத்தரத்துல பல்லிகூடத் தெரியுது."

இன்னொரு சாக்கு கட்டினார்கள். மாகாளி மறுபடியும் டார்ச் அடித்தான்.

"இப்பவும் பல்லி தெரியுதுண்ணே. வாலு இல்லாத பல்லி."

வீட்டிலிருந்த கம்பளி, ஜமுக்காளம், முப்பிடாதியின் கல்யாணச் சேலை எல்லாம் ஜன்னலுக்கு ஏறின. பல்லி அசையவே இல்லை. முப்பிடாதிக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது டார்ச்சின் பாட்டரி தீர ஆரம்பித்தது.

"அண்ணே, குறையுது! பல்லி மங்கலாத் தெரியுது!" என்று மாகாளி கத்தினான். கொஞ்ச நேரத்தில், "இப்ப ஒண்ணுமே தெரியல. அடிச்சாலும் தெரியல. இதுதாம்ண்ணே சரியான இருட்டு!"

எல்லோருக்கும் நிம்மதி. பலவேசம் உள்ளே போய்ப் படுத்தான். வேர்வையில் பாய் மிதந்தது.

அடுத்தது செல்போன். பலவேசத்திடம் செல்போன் கிடையாது.

"போனே இல்லாதவன் அதைப் பக்கத்துல வச்சு எப்படி நோண்டாம இருப்பான்?" என்று பூலுடையார் கேட்டார். மேட்டில் முதல் வீட்டுச் சொரிமுத்துவிடம் போய்ப் போனை இரவல் வாங்கிவந்து பலவேசத்தின் காதோரம் வைத்தார்கள். சொரிமுத்து மாட்டுத் தரகர். ஊரில் உள்ள மாட்டுக்காரர்கள் எல்லாம் அன்றைக்குத்தான் அவரைக் கூப்பிட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பலவேசம் கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, அதைத் தொடவே இல்லை.

"எம்புட்டுக் கட்டுப்பாடு பாத்தியா?" என்று பூலுடையார் பெருமைப்பட்டார்.

மருதோன்றிப் பூவைத் தலையணைக்குள் வைத்துத் தைத்து, பலவேசத்தின் உள்ளங்காலில் எண்ணெயும் தடவிவிட்டாள் முப்பிடாதி. பூவோடு கட்டெறும்பும் வந்திருந்தது அவளுக்குத் தெரியாது. எறும்பு கடித்து எழுந்தவன் எண்ணெய்க் காலோடு ஓடினான். உள்ளங்காலில் எண்ணெய் இருந்தால் ஓட்டம் எப்படி இருக்கும்? அடுக்களையில் ஆரம்பித்தது மாட்டுத்தொழுவத்தில் போய்த்தான் நின்றது. எருமை மிரண்டு அன்றைக்குப் பால் தரவில்லை. ஆகவே மாத்திரையைத் தண்ணீரில் கொடுப்பது என்று முடிவாயிற்று.

"சரி, படுத்த பிறகு எதையும் யோசிக்கக் கூடாது. தெரியும்லா?" என்றார் பூலுடையார்.

"எதையண்ணே யோசிக்கக் கூடாது?"

நல்ல கேள்வி. தெரியாமல் எதையாவது யோசித்துவிட்டால்? எல்லோரும் அவனைச் சுற்றி உட்கார்ந்து எடுத்துச் சொன்னார்கள்.

"வாழை சாஞ்சதை யோசிக்கக் கூடாது" என்றார் பூலுடையார்.

"முதலாளிய யோசிக்கக் கூடாது" என்றான் மாகாளி. "வேற ஆளு வந்துட்டா என்ன செய்யங்கிறதையும் யோசிக்கக் கூடாது."

முப்பிடாதி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள். "கிடாய்க்குச் சொல்லிட்டாக. அதையும்…"

"மேலக்கிணறு இடிஞ்சிட்டு வருது, அதை யோசிக்கவே கூடாது" என்றார் பூலுடையார்.

"மேலக்கிணறு இடியுதா?" என்று பலவேசம் எழுந்து உட்கார்ந்தான். "எனக்குத் தெரியாதே!"

"யோசிக்காதன்னு சொல்லத்தாம்ல செய்தோம்."

பலவேசம் படுத்தான். அதுவரைக்கும் அவன் மனசில் ஒன்றுமே இல்லை. இப்போது யோசிக்கக் கூடாதது அத்தனையும் ஒன்று விடாமல் இருந்தது.

அப்புறம் மாத்திரை. முப்பிடாதி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றாள்.

"என்னங்க, தூங்குததுக்கு அரை மணிக்கு முன்னாடி கொடுக்கணுமாம். நீங்க எப்பத் தூங்குவிய?"

"அது தெரிஞ்சா நான் ஏம்ட்டி இப்படிக் கெடக்கேன்?"

பூலுடையார் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "முதல்ல இவன் தூங்கட்டும். தூங்கின நேரத்தப் பாத்துக்கிடுவோம். அதுல அரை மணியக் கழிச்சா, மாத்திரை கொடுக்க வேண்டிய நேரம் வந்துரும்."

"நீங்க மட்டும் படிச்சிருந்தா கலெக்டர்ண்ணே" என்றான் மாகாளி.

முப்பிடாதி ஜன்னல் சாக்கைக் கொஞ்சம் விலக்கிவிட்டு, கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் விட்டத்தைப் பார்த்தான். இப்படிப் பார்த்துப் பார்த்தே வெயில் இறங்கியது. ஒரு கட்டத்தில் அவன் இமை தாழ்ந்தது. வாய் லேசாகத் திறந்தது. கொர்ரென்று ஒரு சின்னக் குறட்டையும் வந்தது.

முப்பிடாதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அத்தான்! தூங்கிட்டாக!" என்று பூலுடையாரிடம் கத்தி, புருஷனைப் பிடித்து உலுக்கினாள். "எழும்புங்க, எழும்புங்க! மாத்திரைக்கு நேரம் தாண்டிப் போச்சு!"

மாகாளி கெட்டிக்காரன். கடிகாரத்தை அரை மணி பின்னால் திருப்பினான். "இப்பச் சரியா அரை மணிக்கு முன்னாடி மைனி. கொடுங்க."

பலவேசம் விழுங்கினான். விழுங்கிவிட்டு ஆந்தை மாதிரி முழித்தபடி கிடந்தான். பின்னால் போன கடிகாரத்தைப் பார்த்து வேலைக்குப் போனதால் அன்று மண்டிக்கும் நேரம் கழித்துத்தான் போனான். அதற்கும் ஏச்சு விழுந்தது.

மிச்சம் இருந்தது கைப்பிள்ளை மாதிரி தூங்குவதுதான்.

பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுத்துப் பாயில் போட்டார்கள். பலவேசத்தைத் தூக்கித் தொட்டிலில் போட்டார்கள். இரண்டு காலும் வெளியே தொங்கின. உத்தரம் ஒரு தடவை முனகிவிட்டு, சரி போ என்று பொறுத்துக்கொண்டது.

"தாலாட்டு வேணும்லா?" என்றான் மாகாளி.

கொழுந்தனும் அத்தானும் இருக்கும்போது முப்பிடாதி எப்படிப் பாடுவாள்? சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, கண்ணை மூடி, ஆராரோ என்று ஆரம்பித்தாள். அவள் குரல் அவளுக்கே நன்றாக இருந்தது. பிள்ளை முதலில் தூங்கியது. பூலுடையார் ஓலைக் கடகப்பெட்டியில் சாய்ந்தார். மாகாளி பூலுடையார் மேல் சாய்ந்தான். பாட்டு முடிகிறதுக்குள் முப்பிடாதியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

பலவேசம் தொட்டிலிலிருந்து மெல்ல இறங்கினான். எல்லோருக்கும் போர்த்திவிட்டு, பொழுது போகும்வரை ஈ ஓட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடிகாலையில் முதலாளி மண்டிக்கு வந்தபோது, பலவேசம் ஒரு நாட்டுவாழைத் தாரைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தான்.

"இதான்டே கடைசி. நாளைக்குக் காலைல வருவேன். அப்பவும் இப்படிப் பாத்தேன், அந்தத் தாரையே கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போ" என்றார் முதலாளி.

முப்பிடாதி அன்றைக்கு உலை வைக்கவே மறந்துபோனாள். பூலுடையாருக்குப் பெருத்த யோசனை. யோசிப்பதென்றால் அவருக்கு நடக்க வேண்டும். மத்தியான வெயிலில் தெருவை மேலும் கீழும் நடந்தார். நடந்துகொண்டே இருந்தவர் சட்டென்று நின்றார்.

மேட்டில் முதல் வீட்டில் சொரிமுத்துவின் குறட்டை ஓட்டைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அடுத்த வீட்டில் கொஞ்சம் குறைவு. நடு வீட்டில் வெறும் கொட்டாவி. அதற்குக் கீழே பேச்சுச் சத்தம். கடைசி வீட்டில் பலவேசம் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டிருந்தான்.

"அட கிறுக்குப்பயலுவளா!" என்று பூலுடையார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "இது கடைமடைப் பிரச்சினைல்லா!"

தண்ணீர்த் தொட்டி முன்னால் தெருக்காரர்களைக் கூட்டிவிட்டார். முப்பிடாதி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

"தூக்கம் மேட்டுலேருந்து பள்ளத்துக்கு வருது. மேல வீட்டுக்காரன் மடைய அடைக்காம மொத்தத்தையும் பாய்ச்சிக்கிட்டா, கடைசி வீட்டுக்கு எப்படில வரும்?"

சொரிமுத்துவுக்குக் கோபம். "நான் என் பங்குக்குத்தான்டே தூங்குதேன்."

"உன் பங்கா? ராத்திரியும் தூங்குத, மத்தியானமும் தூங்குத. ரெண்டு போகத்துக்கும் நீயே பாய்ச்சுனா மத்தவன் வயலு என்னாவுது?"

தப்பு தன் பேரில்தான் என்று சொரிமுத்துவுக்கே பட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

"கைப்பிள்ளையளுக்கு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அது நாத்தங்கால் கணக்கு. அதுக்கு எந்த முறையிலயும் தடை கிடையாது."

"எல்லாஞ் சரிண்ணே, கண்ணுல மடை எங்க இருக்கு?" என்றான் மாகாளி.

"இமைதாம்ல பலகை. தண்ணிக்குப் பலகைய இறக்குனா அடையும். தூக்கத்துக்குப் பலகைய ஏத்துனா அடையும். அம்புட்டுத்தான் வித்தியாசம்."

இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? ஊர் ஒத்துக்கொண்டது. இன்றைக்குத் தூக்கம் முழுக்கப் பலவேசம் வீட்டு முறை. அவன் வீட்டுக்குப் பாய்ந்து முடிகிறவரை தெருவில் ஒருத்தரும் இமையை இறக்கக் கூடாது.

உடனே வேலை ஆரம்பமாயிற்று. தகரத்தை எடுத்தவர்கள் தகரம் அடித்தார்கள். தாம்பாளம் எடுத்தவர்கள் தாம்பாளம் அடித்தார்கள். இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து, யார் இமை தாழ்ந்தாலும் மற்றவர் தொடையில் கிள்ளினார்கள். சொரிமுத்துவுக்கு மட்டும் ஆள் பற்றாமல், அவர் எருமைக்கன்றைப் பக்கத்தில் கட்டி முகத்தை நக்கவிட்டார்கள்.

உள்ளேயிருந்து பலவேசம் கத்தினான். "ஏட்டி, என்ன சத்தம் அது?"

"உங்களுக்குத் தூக்கம் வருதுங்க! அதான் சத்தம்!" என்று முப்பிடாதி வாசலிலிருந்து சொன்னாள். மதகு திறந்தால் சத்தம் வராமல் இருக்குமா?

தூக்கம் எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்கும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தார்கள். தெருவையே கண் கொட்டாமல் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில், நடு வீட்டு வாசலில் செவலை நாய் ஒன்று சுருண்டு படுத்துக் கண்ணை மூடியது.

முப்பிடாதிக்கு மயிர்க்கூச்செறிந்தது. கூச்சத்தையெல்லாம் மறந்து கத்தினாள். "அத்தான்! நாய் வரைக்கும் வந்துட்டு!"

"நாய் குடிக்குதுல! எழுப்புல அத!" என்று பூலுடையார் ஓடினார். மாகாளி நாயைத் தூக்கி நிறுத்தினான். நாய் அவனை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வேறு தெருவுக்குப் போய்விட்டது.

பிறகு, அடுத்த வீட்டுக் கூரையடியில் ஒரு கோழி ஒற்றைக்காலில் நின்று கண்ணைச் செருகியது. "கோழிக்கு வந்துட்டு!" கோழியை விரட்டினார்கள். பிறகு பக்கத்து வீட்டு ஆடு அசைபோட்டுக்கொண்டே கிறங்கியது. "ஆட்டுக்கு வந்துட்டு! இன்னும் ஒரு வீடுதான்!" பிறகு, அவர்கள் தொழுவத்திலேயே எருமை கழுத்தை நீட்டிப் படுத்துப் பெருமூச்சு விட்டது.

"வந்துட்டுங்க! நம்ம வீட்டுக்கே வந்துட்டு! கண்ண மூடுங்க!"

பலவேசம் இறுக்கி மூடினான். காதில் தகரமும் தாம்பாளமும் விழுந்தன. மூடியபடியே முழித்துக்கொண்டிருந்தான். அதற்குள் விளக்கு வைக்கிற நேரம் வந்து, வேலைக்குப் புறப்பட வேண்டியதாயிற்று. கண் இரண்டும் கொவ்வைப்பழம்.

"முறை முடியலியே" என்றார் பூலுடையார். "பாதி வழியில மேல் மடையத் திறந்துவிட்டா இவ்வளவு பாடும் வீண்."

"அண்ணன் மண்டிக்குல்லா போறான்?" என்றான் மாகாளி.

"மண்டி இன்னும் பள்ளம். அங்க இதைவிட நல்லாவே பாயும்."

முப்பிடாதிக்கு ஒரு சின்னச் சந்தேகம். கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் கேட்டேவிட்டாள். "அத்தான், அங்க போய்த் தூங்குனா வேலை போயிருமே?"

"காவலுக்கு ஆளு வேணும், அம்புட்டுத்தான? நாம எல்லாரும் இருக்கோம்லா. வந்த முறைய வேண்டாம்னு திருப்பிவிட்டா, அடுத்த முறை கெடைக்காது தாயி."

தெருவே பலவேசத்தின் பின்னால் மண்டிக்குப் போயிற்று. அங்கே போன பிறகு தகரத்தை நிறுத்தினார்கள், மண்டிப் பக்கம் சத்தம் போட்டால் முதலாளி ஏசுவார் என்று. சத்தம் நின்றதும், பலவேசம் வாழைச் சருகின் மேல் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் அப்படியே சரிந்தான். ஊருக்கெல்லாம் சேர்த்து வந்த தூக்கம் மொத்தமாக அவன் மேல் பாய்ந்தது.

தெருக்காரர்கள் சுற்றி நின்றார்கள். கையில் கம்பு, கண்ணில் பலகை ஏற்றி. நடுராத்திரியில் சாக்கோடு ஒருத்தன் சுவரேறிக் குதித்தான். "ஷ்ஷ்! மெதுவா!" என்று அவன் கையிலும் ஒரு கம்பைக் கொடுத்து, ஆள் குறைந்த பக்கம் நிறுத்தினார்கள். அவனும் என்ன செய்வான், நின்றான்.

விடிந்ததும் முதலாளி வந்தார். ஒரு தார் குறையவில்லை. ஒரு சீப்புக்கூடக் குறையவில்லை. நடுவே காவல்காரன் மல்லாந்து கிடந்தான். சுற்றிலும் ஊரே செக்கச் சிவந்த கண்ணோடு நின்றது.

"என்னடே இது?" என்றார்.

"ஷ்ஷ்! சத்தம் போடாதிய முதலாளி" என்றார் பூலுடையார் ரகசியமாக. "அவன் முறை நடக்குது."

முதலாளியின் முகம் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார்.

"தூங்கட்டும்! ராசா நல்லாத் தூங்கட்டும்! இனிமே இவன் கண்ணத் திறந்து நான் பாத்தேன், அன்னைக்கே வேலை போச்சு!"

சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

முப்பிடாதிக்கு நெஞ்சில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. இவ்வளவுதானா? கண்ணைத் திறக்காமல் இருந்தால் வேலை இருக்கும். இதைவிட லேசான வேலை எந்த மண்டியில் கிடைக்கும்? வெள்ளைமனசு முதலாளி.

பலவேசத்தைச் சருகோடு தூக்கி, கால் சத்தம் கேட்காமல் வீட்டில் கொண்டுவந்து கிடத்தினார்கள். பிறகு தெருவுக்கெல்லாம் மடை திறந்துவிடப்பட்டது. சாக்குக்காரன் சொரிமுத்து வீட்டு நடையிலேயே படுத்துவிட்டான்.

வெயில் ஏறினபோது பலவேசத்துக்குப் பசித்தது. இமை லேசாக ஆடியது. காத்திருந்த முப்பிடாதி பாய்ந்து வந்து உள்ளங்கையால் இரண்டு கண்ணையும் பொத்தினாள்.

"முழிக்காதிய! வேலை போயிரும்!"

"நான் முழிச்சிட்டேனேட்டி."

"முழிச்சா ஒண்ணுமில்ல. கண்ணத் திறந்தாத்தான் போவும். மூடியே இருங்க."

"துணியக் கட்டிவிட்டுருவோமா மைனி?" என்றான் மாகாளி.

"சீ, அது ஏமாத்து வேலை" என்றார் பூலுடையார். "சம்பளம் வாங்குதோம். நேர்மையா மூடணும்."

நேர்மையாகவே மூடினான். முப்பிடாதி சோறு பிசைந்து ஊட்டினாள். முகம் கழுவிவிட்டாள். தலை வாரிவிட்டாள், வகிடு எடுக்கும்போது வெட்கமாகச் சிரித்துக்கொண்டாள். சாயங்காலம் அண்ணனும் தம்பியும் இரண்டு கையையும் பிடித்து ரோட்டைக் கடக்கச் செய்து, மண்டி வாசலில் கம்போடு நிறுத்திவிட்டு வந்தார்கள்.

அன்றைக்குப் பலவேசம் பார்த்த காவலை மண்டி அதுவரை பார்த்ததில்லை. வயிறு நிறையத் தூங்கியவனுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? காது இரண்டும் முயலுக்கு மாதிரி நிமிர்ந்து நின்றன. வாழைத் தொலி தின்ன வந்த மாட்டை, "ஏய், வெளிய போ!" என்று துரத்தினான். லாரிக்காரன் ஒரு சீப்பை லேசாகத் திருகியபோது, "காம்பு ஒடியுத சத்தம் கேக்குது, வச்சிரு" என்றான். கண்ணை மட்டும் திறக்கவே இல்லை. நெற்றியெல்லாம் சுருங்கும்படி இறுக்கி மூடியிருந்தான்.

முப்பிடாதி தூக்குவாளியில் ராத்திரிச் சோறு கொண்டுவந்தாள். அந்த நேரம் முதலாளி கணக்கை முடித்து, விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். அவரைப் பார்த்ததும் அவள் கூச்சத்தில் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"யாரது?" என்று பலவேசம் கம்பைத் தட்டினான்.

"நான்தான்டே."

"முதலாளியா! கும்பிடுதேன்" என்று பலவேசம் தராசைப் பார்த்துக் கும்பிட்டான்.

முதலாளி கிட்டே வந்தார். அவன் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தார். மூக்குக்கு முன்னால் விரலைச் சொடுக்கினார்.

"என்னடே பலவேசம், முழிச்சிருக்கியா?"

பலவேசம் கண்ணை இன்னும் இறுக்கி மூடினான். காதுகுத்தும் தாய்மாமனும் கிடாயும் முப்பிடாதியின் கண் முன்னால் வந்து வரிசையாக நின்றார்கள்.

"ஐயோ இல்ல முதலாளி! அடிச்சுப் போட்ட மாதிரித் தூங்கிட்டு இருக்கேன்!"

"தூங்குதவன் எப்படில பேசுவான்?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று பூலுடையார்கூடச் சொல்லித்தரவில்லை. தூணுக்குப் பின்னால் முப்பிடாதி தூக்குவாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தானும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

பலவேசம் மரியாதையாகக் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னான்:

"உளறுதேன், முதலாளி."